தாட்சாயிணி அம்மாள் வீட்டுக் கிணற்றுக் கயிறு

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. அதனால்தான் இந்தத் தொழிலில் நிலைத்தேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அம்பத்தூர் ஸ்டேஷனில் மாலைப் பேப்பர் கூவி விற்றேன். அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போய், கோத்தபடியே படிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு மாலைப் பேப்பருக்கு ஆவடி பக்கத்துச் செய்தி கொடுத்தேன். எண்பத்தி நாலில் சொந்தமாக ‘மேற்கு வாசல்’ என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தேன். எம்.ஏ. படித்தவர்கள் நடத்திய பத்திரிகைகள் இந்தப் பக்கத்தில் நாலைந்து வந்தன. வந்த வேகத்தில் போயின. என்னுடையது நின்றது. மந்திரி பேசியதை எல்லோரும் எழுதுவார்கள். மந்திரி நின்று பேசிய மேடைக்குப் பந்தல் போட்டவன் யார், அவனுக்கு அடுத்த மாதம் எந்த வேலை கிடைத்தது என்று பார்க்கிறவன் இந்தக் கன்னியப்பன் ஒருத்தன்தான்.

இப்போது தலை நரைத்துவிட்டதால் கூட்டங்களில் மாலை போட்டுக் கூப்பிடுகிறார்கள். “ஐயா, இத்தனை வருஷம் பார்த்திருக்கிறீர்கள். உயர்வு தாழ்வெல்லாம் மாறிவிட்டதா?” என்று கேட்கிறார்கள். கேட்கிறவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், “மாறிவிட்டது” என்று சொன்னால் கைதட்டத் தயாராக இருக்கிறான். நான் அவனுக்குப் பதில் சொல்வதில்லை. தாட்சாயிணி அம்மாளைப் பற்றித்தான் சொல்வேன்.

அந்த அம்மாளின் புருஷன் ஆனந்தன் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் சின்ன வயதிலேயே போய்விட்டார். அதற்காக அம்மாளுக்குப் படையுடுப்பு தைக்கிற ஃபேக்டரியில் வேலை கொடுத்தார்கள். சிப்பாய் சட்டைக்குத் தோள்பட்டி வைத்துத் தைக்கிற வேலை. நாள் முழுக்கத் தோள்பட்டி. பிள்ளை குட்டி இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே, எல்லோரும் மனை வாங்குகிறார்களே என்று தானும் ஒன்று வாங்கினார். அண்ணனூரில் மின்சார ரயில் நிற்கிற ஷெட்டுக்குப் பின்பக்கம், கத்தரிக்கொல்லையாக இருந்ததை அளந்து கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் வாங்கினேன். என் சொந்தச் சம்பாத்தியத்தில், ஒருத்தன் கையை எதிர்பார்க்காமல்.

குவார்ட்டர்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை ஃபேக்டரியே கேட்டு, அதற்குத் தகுந்த வீட்டில் வைத்துவிடுகிறது. டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று. டைப் ஒன்றில் நடக்கிற கல்யாணத்துக்கு டைப் மூன்றில் இருக்கிறவர் வருவார். மொய்க் கவரை நீட்டிவிட்டு, நாற்காலி போட்டாலும் உட்காராமல் போவார். நகருக்கு வந்ததும் அந்த டைப் போய்விட்டது. மனை எல்லாம் ஒரே அளவு. சூபர்வைசருக்கும் ஹெல்பருக்கும் நடுவில் ஒரு வேலிதான். அப்போதுதான் கேள்வி ஆரம்பித்தது.

“சொந்த ஊர் எது?” என்பார்கள். சொன்னால், “அங்கே எந்தப் பக்கம்?” அதையும் சொன்னால், “குலதெய்வம் எது?” இந்த மூன்றில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். என்னையும் கேட்டார்கள். “வெள்ளானூர், ஊர்த்தெரு, ஏரிப் பாசனத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்த குடும்பம்” என்றேன். பதில் பிடித்திருந்தது போலிருக்கிறது. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள்.

தாட்சாயிணி அம்மாளையும் கேட்டார்கள். கேட்டவர் வசந்தா, எங்கள் தெரு முனை வீடு. தஞ்சாவூர்ப் பக்கம். புருஷனுக்கு ஃபேக்டரியில் கணக்குப் பிரிவு.

“சொந்த ஊர் எது உங்களுக்கு?”

“அரக்கோணம் தாண்டி.”

“தாண்டின்னா, எந்தப் பக்கம்?”

“மேற்க.”

“குலதெய்வம்?”

“நேரமாச்சும்மா, சங்கு ஊதிடுவான்” என்று அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இதை வாசலில் நின்று கேட்ட எனக்கு அன்றைக்கே மூக்கில் வேர்த்தது. குலதெய்வத்தின் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

தொண்ணூற்று மூன்று கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அயனம்பாக்கம் ஏரியிலேயே மாடு நடந்து போனது என்றால் எங்கள் கிணறுகள் எம்மாத்திரம். என் வீட்டுக் கிணற்றில் செம்பட்டையாக ஒரு தண்ணீர் வந்தது. வேட்டியை நனைத்தால் காவி கட்டின மாதிரி ஆகும். வசந்தா வீட்டுக் கிணறு மொத்தமாக வற்றிவிட்டது. தாட்சாயிணி அம்மாள் வீட்டு உறைக்கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. நின்றது மட்டுமா, இளநீர் மாதிரி இருந்தது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. அம்மாள் யாரையும் இல்லை என்று சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன், சாயங்காலம் வந்தபின், இரண்டு வேளையும் கதவைத் திறந்துவிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை.

ஆனால் ஒரு விதி வைத்தார். கயிற்றை வேறு யாரும் தொடக்கூடாது. கிணற்று மேடைமேல் வேறு யாரும் ஏறக்கூடாது. குடத்தைக் கீழே தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அம்மாள்தான் சேந்துவார். அம்மாள்தான் மேலே நின்று ஊற்றுவார். எத்தனை குடமானாலும் சரி, தோள் விட்டுப்போனாலும் சரி, “குடுங்க, நான் ரெண்டு வாளி சேந்தறேன்” என்று யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

தெரு இதைப் பார்த்தது. பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. வசந்தாதான் முதலில் சொன்னார்.

“எங்க மாமியாரும் இப்படித்தான். அவங்க சேந்தற கயித்த நாங்ககூடத் தொட முடியாது. மடின்னா அப்படி ஒரு மடி. இந்தம்மா எங்கயோ நல்ல ஆசாரமான குடும்பத்துல பொறந்து, புருஷன் போனதால வேலைக்கு வந்திருக்காங்க. பாவம், வெளிய சொல்லிக்கல.”

அதோடு தெருவில் அம்மாளின் மதிப்பு ஏறிவிட்டது. பூஜைக்கு வைக்கிற சொம்பை அங்கேதான் நிரப்பினார்கள். முன்பு “தாட்சாயிணி” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் “மாமி” என்கிற அளவுக்குப் போனார்கள். அம்மாள் ‘ஆமாம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒப்பவில்லை. பல் தேய்க்கிற சாக்கில் தினமும் வேலியோரம் நின்று பார்த்தேன். என் சம்சாரம் சுசீலா குடத்தோடு வரிசையில் நின்றபடி என்னை முறைத்தாள்.

“இன்னாய்யா, பொம்பளைங்க தண்ணி எடுக்கறத எட்டிப் பாத்துகினு கீறே? வெக்கமா இல்ல?”

“நான் தண்ணிய பாக்கறேன்.”

“பாத்தா ரொம்பிடுமா? இந்தக் கொடத்த தூக்கினு போ.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். அம்மாள் மேடையில் நின்று, வாளி குடத்தில் படாமல், முழங்கை உயரத்திலிருந்து ஊற்றினார். ஊற்றும்போது குடத்தைப் பார்க்கவில்லை. குடம் கொண்டுவந்தவளின் கையைப் பார்த்தார், அது எங்கே இருக்கிறது என்று. இந்த ஊற்றலை நான் வெள்ளானூரில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மேலே நின்று ஊற்றிப் பழகினவர்களுக்கு அந்த நினைப்பே இருக்காது. பேசிக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டே ஊற்றுவார்கள். இவ்வளவு கவனமாக ஊற்றுகிறவர் கீழே நின்று வாங்கினவராகத்தான் இருக்க வேண்டும். பி.எச்.டி. வாங்கினவன் இதைக் கண்டுபிடித்திருப்பானா? சந்தேகம்தான்.

கண்டுபிடித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் தசரதன் வந்துவிட்டான்.

தசரதன் தண்ணீர் லாரி விடுகிறவன். நல்ல தண்ணீர் உள்ள கிணறாகப் பார்த்துப் பேசி, மோட்டார் போட்டு உறிஞ்சி, முகப்பேர், அண்ணா நகர் என்று கொண்டுபோய் ஊற்றுவான். அந்தக் கோடையில் அவனுக்கு ஒரு லாரி இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற என் ஆபீசுக்கு ஏறி வந்து, மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அண்ணாத்தே, ஒரு நூசு கீது.”

“எனக்குத் தெரியாத நூசா?”

“தெரியாது. ஒங்க தெருவுல தண்ணி ஊத்துதே ஒரு அம்மா, அது எந்த ஊரு?”

“அரக்கோணம் தாண்டி.”

“அரக்கோணம் தாண்டின்னா? பம்பாய்கூடத்தான் அரக்கோணம் தாண்டி கீது.” சிரித்தான். “என் டிரைவர் பால்ராஜ் கீறான் பாரு, அவனும் அதே ஊரு. ஊருகூட இல்ல நைனா, காலனி. அவனுக்கு சின்னம்மா முறை ஆவுது அது. இங்க ஒரு தெருவே மடி, மாமினு கும்புட்டு வாங்கிக் குடிச்சிகினு கீது!”

“அதுல ஒனக்கு இன்னா லாபம்?”

“கெணத்த கேட்டேன். பகல்ல அது வேலைக்குப் போயிடுது, தண்ணி சும்மாதான கீது, நான் எடுத்துக்கறேன்னு மரியாதையாதான் கேட்டேன். தர மாட்டேன்னுச்சு. இப்ப தெருவுக்கு விசயம் தெரிஞ்சா ஒருத்தி வருவாளா? கெணறு சும்மா கெடக்கும். தெருவே மூஞ்சத் திருப்பிக்கும். அப்புறம் எத்தினி நாளைக்கு அங்க குந்தினு இருக்கும்? கெணத்தையும் குடுக்கும், மனையையும் குடுக்கும்.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு வந்தே?”

“நீ பேரு, ஊரு எதுவும் போட வேணாம். ‘நகர் மக்கள் குடிக்கிற தண்ணீர் யார் கைத் தண்ணீர்?’ அப்டினு ஒரு கேள்வி மட்டும் போடு. நான் அதுங்கிட்ட வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுத்துகீறேன். அதுக்குள்ள கெணத்த குடுத்துட்டா, போடாத.”

என்னை விலைக்கு வாங்க வந்த பெரிய பெரிய ஆள்களையே படியில் இறக்கி அனுப்பினவன் நான். இந்தப் பொடியனை நாற்காலியோடு சேர்த்துத் தள்ளாதது அவன் அதிர்ஷ்டம். “கேள்வி போட எனக்குத் தெரியும், எழுந்து போ” என்றேன்.

ஆனாலும் என் மனது சும்மா இருக்கவில்லை. அந்த அம்மாள் பயந்து கிணற்றைக் கொடுத்துவிடுவாரோ? இல்லை, ஏற்கெனவே கொடுக்கப் பேசி முடித்து, விலையை ஏற்றத்தான் இந்த மறுப்பா? நான் பார்த்த உலகத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. சாயங்காலம் தண்ணீர் வரிசை கலைந்த பிறகு போனேன். அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தோளில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தசரதன் அனுப்சானா?” என்றார்.

“என்னை எவனும் அனுப்ப முடியாது.”

“அப்ப நீங்களா வந்திங்களா? அது அதவிட மோசம்.”

“ஏம்மா, நான் இன்னா பண்ணேன்?”

“தெனம் வேலியாண்ட நின்னுகினு கையப் பாக்கறிங்களே, எனக்குத் தெரியாதா? பாத்து முடிச்சாச்சா?”

என்னைக் கவனித்தவர்கள் குறைவு. நான் உட்கார்ந்தேன். “ஊரப் பத்தி கேக்க வரல. கயித்த ஏன் யார்கிட்டயும் குடுக்கறதில்ல? அதச் சொல்லுங்க.”

அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“எங்கூர்ல ஊர்க்கெணறு ஒண்ணு. நாங்க மேடை ஏறக் கூடாது. கயித்தத் தொடக் கூடாது. கொடத்த கீழ வெச்சிட்டு தள்ளி நிக்கணும். யாராச்சும் ஒரு மவராசிக்கு மனசு வந்தா மேல நின்னு ஊத்துவா. பாதி கொடத்துல, பாதி மண்ணுல. மனசு வரலேன்னா வெயில் ஏறற வரைக்கும் நிக்கணும். நான் நின்னுகினே வளந்தேன். எங்க ஊட்டுக்காரரு போனதுக்கு ஃபேக்டரில பணம் குடுத்தாங்க பாருங்க, அதுல ஊடு கட்டறதுக்கு முன்னால கெணறுதான் வெட்டனேன். தண்ணி பொங்கி வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தக் கயித்துல என் கைதான். மேல நிக்கறது நான்தான். வேணுங்கறவங்க கீழ நிக்கட்டும்.”

“அவங்க அத மடின்னு நெனைக்கறாங்க.”

“நெனைக்கட்டும். நானா சொன்னேன்?”

“மாமின்னு கூப்டறாங்களே. நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப” என்றார் அம்மாள், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. இருந்தாலும் விடுகிறவனா நான்? “அப்ப அவங்க பண்ணதையேதான நீங்களும் பண்றிங்க?”

“நான் சிந்தாம ஊத்தறேன்” என்றார்.

 நான் பேச்சை மாற்றி என் பெருமையைச் சொன்னேன். வெள்ளானூர் டீக்கடையில் காலனி ஆள்களுக்கு மட்டும் தனி கிளாஸ் வைத்திருந்ததை எண்பத்தி ஐந்திலேயே எழுதினவன் நான். சொந்த ஊர், சொந்தத் தெரு என்று பார்க்காமல் எழுதினேன். என் சைக்கிளை ஏரியில் போட்டார்கள்.

“கிளாஸ் போச்சா?” என்று கேட்டார்.

“போச்சு. அடுத்த வருஷம் பிளாஸ்டிக் கப்பு வெச்சாங்க. எல்லாருக்கும் ஒரே கப்பு.”

“குடிச்சிட்டு தூக்கிப் போட்டுடலாம். யார் வாய் வெச்சத யாரும் கழுவ வேணாம். அதானே?”

அதேதான். கூட்டங்களில் மாற்றம் மாற்றம் என்று கைதட்டுகிறார்களே, அதில் முக்கால்வாசி இந்தக் கப்புதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்கு அந்த அம்மாள் அதை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“வெள்ளிக்கெழம இன்னா பண்ணப் போறிங்க? நான் ஒரு வரி போட மாட்டேன்.”

“நீங்க போட்டா இன்னா, போடாட்டி இன்னா? அவன் வாய் கீதே. கெணத்த அவங்கிட்ட குடுத்தா ஆறு மாசத்துல உறிஞ்சிப் போட்டுட்டுப் போயிடுவான். குடுக்கலேன்னா தெரு போயிடும். ஊட்ட வித்துட்டு வேற நகருக்குப் போனா, அங்கயும் ஒரு வசந்தாம்மா சொந்த ஊர் எதுன்னு நிக்கும். எனக்குன்னு இந்த ஒரு எடந்தான். இத உட்டுட்டு எங்க போவேன்?” என்றவர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். “நேரமாச்சு, போங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் குடங்கள் வழக்கம்போல வரிசையில் இருந்தன. பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள். முதலில் வசந்தா, வெள்ளிக்கிழமை என்பதால் பூஜைச் சொம்பும் கையில். அடுத்தது சுசீலா. நான் வேலியோரம். அம்மாள் மேடை ஏறி முதல் வாளியை இறக்கும்போது தசரதனின் லாரி பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. பால்ராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். தசரதன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“இன்னாம்மா, குழாய உடட்டுமா? இல்ல, தெருவாண்ட நான் ரெண்டு வார்த்த பேசட்டுமா?”

அம்மாள் வாளியை மேலே இழுத்துக் கட்டைச்சுவரில் வைத்தார். கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றினார். மேடையை விட்டுக் கீழே இறங்கி வந்தார்.

“நீ எதுக்குப் பேசணும்? என் ஊரப் பத்தி நான் பேசறேன்.” வரிசையைப் பார்த்தார். “அரக்கோணம் தாண்டி, மேற்கன்னு சொன்னேன் இல்ல? மேற்க காலனி. நான் காலனிப் பொண்ணு. பால்ராஜு, சொல்லுடா.”

பால்ராஜ் திரும்பாமலே, “ஆமா, சின்னம்மா” என்றான்.

“அம்மா நல்லா கீதா?”

“நல்லா கீது, சின்னம்மா.”

தசரதன் அவனை முறைத்தான்.  வசந்தா கையிலிருந்த சொம்பை ஒருமுறை பார்த்தார்.

“இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. இந்தத் தண்ணியைத்தானே நாங்க சாமிக்கே வச்சோம்?”

“சாமி எதுனா கேட்டுதா? கேட்டது நீங்கதான்.”

“எவ்வளவு பெரிய ஏமாத்து வேலை!”

“மடின்னு நானா சொன்னேன்? நீங்களா சொன்னிங்க, நீங்களா கும்பிட்டிங்க.” அம்மாள் குரல் ஏறவில்லை. “ஒண்ணு சொல்லிடறேன். இன்னிலேர்ந்து நான் ஊத்தப் போறதில்ல. கயிறு தோ கீது. நான் வேலைக்குப் போனாலும் கதவு தெறந்துதான் கெடக்கும். வேணுங்கறவங்க மேல ஏறி, நான் புடிச்ச கயித்தப் புடிச்சி, சேந்திக்குங்க.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஊற்றமாட்டேன் என்றால் உயிரையே விட்டுக்கொடுத்த மாதிரி அல்லவா? கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது. அம்மாள் ஊற்றிக்கொண்டிருக்கும் வரை, வாங்குகிறவள் ‘தண்ணீருக்கு என்ன இருக்கு’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விடலாம். கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் அந்தச் சமாதானம் செல்லாது. அம்மாளும் என் ஜாதி. ஆள்களைச் சந்தேகப்படுகிற ஜாதியைச் சொல்கிறேன். யார் யார் எப்படி என்று பார்த்துவிடலாம் என்றுதான் கயிற்றை விட்டார்.

வசந்தா காலிக் குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் சில பேர் போனார்கள். சிலர் போவதா நிற்பதா என்று தெரியாமல் குடத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“போங்கம்மா, போங்க. லாரித் தண்ணி ஊடு தேடி வரும்” என்றான் தசரதன் சந்தோஷமாக.

சுசீலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள்.

“அண்ணி, நீங்களுமா?” என்றான் அவன்.

“இன்னா நீங்களுமா? வசந்தாம்மா போய்டுச்சி, அடுத்தது என் டேர்னு. மூணு நாள் துணி ஊறிகினு கீது, ஒன் லாரி தொவைக்குமா? வண்டிய எடுறா, வழியில நிறுத்திகினு.”

கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்தாள். வாளி சரசரவென்று உள்ளே போனது. அவள் முடித்ததும், அடுத்தவள் தன் முறை போய்விடக் கூடாதே என்று ஏறினாள். அதற்குப் பின் வரிசை நகர்ந்தது. தசரதன் குழாயைச் சுருட்டி லாரியில் எறிந்துவிட்டுப் போனான். கிணறு அம்மாளுக்கு நின்றது. ஃபேக்டரி சங்கு ஊத, அம்மாள் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பையோடு நடந்தார்.

இதைக் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். கயிற்றைப் பிடித்த கையை அதே கிணற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு இறங்கினவர்களை நான் பார்த்தேன். குடிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ மட்டும் என்று சொல்லிக்கொண்டு எடுத்தவர்களும் உண்டு. வசந்தா வீட்டுக்கு லாரித் தண்ணீர் வந்தது. அந்த லாரியின் பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்த்தேன். தசரதன் தண்ணீர் ரொப்பியது வெள்ளானூர் காலனிக் கிணற்றில். அதை என் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டேன். இந்தப் பக்கத்தில் வேறு எவனும் அப்படிப் பின்தொடர்ந்து போயிருக்க மாட்டான். வசந்தா தசரதனிடம் “அது பொய்தானே?” என்று கேட்டாராம். அவன் “பொய்தான்” என்றானாம். எல்லோரையும் மூன்று கேள்வி கேட்ட அந்த அம்மா, அவனை ஒரே கேள்வியோடு நம்பிவிட்டார். லாரி வந்துகொண்டேயிருந்தது.

ஆனால் பத்திரிகையில் எழுதாதது ஒன்று உண்டு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது அது.

வேலை முடிந்து தாட்சாயிணி அம்மாள் வந்தபோது கிணற்றடியில் வரிசை இருந்தது. அம்மாள் உள்ளே போய்த் தன் குடத்தை எடுத்து வந்து வரிசைக் கடைசியில் நின்றார். “நீங்க எடுத்துட்டுப் போங்க” என்று ஒருத்தி சொன்னதற்கு, “இருக்கட்டும், வரேன்” என்றார். அம்மாளுக்கு முன்னால் நின்றவள் சுசீலா. எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டாம் நடை.

சுசீலா ஏறினாள், சேந்தினாள், குடத்தை நிரப்பினாள். காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: ஒருத்தி முடித்ததும் கயிற்றை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு இறங்குவாள். சுசீலா கயிற்றைக் கட்டைச்சுவர்மேல் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கக் குனிந்தாள்.

“சுசீலா” என்றார் தாட்சாயிணி அம்மாள். “கீழ வெக்காத. கையில குடு.”

சுசீலா நிமிர்ந்தாள். அம்மாளைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற என்னைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் என்னுடையது; அப்போது நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் செய்தது என் சொல்லுக்காக ஆகியிருக்கும்.

அவள் கயிற்றை எடுத்து நீட்டினாள். “இந்தாக்கா.”

ஈரக் கயிறு. இரண்டு பேர் கையும் அதில் ஒரு நிமிஷம் ஒட்டி இருந்தன. பிறகு அம்மாள் வாளியை உள்ளே விட்டார்.

சுசீலா இடுப்பில் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன். உள்ளே போனதும் கையைக் கழுவுகிறாளா என்று பார்த்தேன். அவள் நேரே போய்ப் பானையில் அரிசியைக் கொட்டி, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைய ஆரம்பித்தாள். கை எப்படியும் தண்ணீரில்தான் இருந்தது.